ஆடிக்காற்று வீசும் மிக்கோனோஸ்: கோடை விடுமுறைக்குத் திட்டமிடுபவர்கள் கேட்கும் கேள்விகள்

கிரேக்கத் தீவான மிக்கோனோஸுக்கு இரண்டு முறை போய் வந்திருக்கிறேன். முதல் முறை ஜூலைக் கடைசியில் நண்பர்களோடு. அடுத்து ஒரு செப்டம்பரில் மனைவி, மகள், அம்மாவோடு. அதன் பிறகு தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று பலரும் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். என் முதல் பயணத்தில் நடந்த தவறுகள் எல்லாம் ஒரே காரணத்தால் வந்தவை: காற்றைக் கணக்கில் எடுக்காமல் திட்டம் போட்டேன். அதனால் பதில்கள் பலவற்றிலும் காற்று வந்துகொண்டே இருக்கும்.

மிக்கோனோஸ் என்றாலே பணக்காரர்களின் கூத்து என்கிறார்களே, வேறு தீவுக்குப் போகக் கூடாதா?

போகலாம். நக்ஸோஸ், பாரோஸ், தினோஸ் மூன்றும் அருகிலேயே இருக்கின்றன, செலவும் குறைவு. ஆனால் விடிய விடிய ஆட்டம், காலையில் இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய நகரத்தின் தெருக்களில் நடை, மாலையில் கடல் சுவரில் அலை மோதப் பார்த்தபடி ஒரு காபி, இவை எல்லாம் அரைமணி நேரத் தொலைவுக்குள் அமைந்த இடம் இதுதான். தீவின் பரப்பு சுமார் 85 சதுர கிலோமீட்டர். நிலையாக வசிப்பவர்கள் ஏறத்தாழ பத்தாயிரம் பேர். கோடையில் அதைப்போல் பல மடங்கு கூட்டம் வந்து இறங்கும். அந்தக் கூட்டத்தைத் தாங்குவதற்கான ஏற்பாடும் உண்டு, அதற்கான விலையும் உண்டு.

பணம் பிரச்சினை என்றால் இங்கே மூன்று இரவு, பிறகு கப்பலில் அரைமணி தாண்டித் தினோஸில் மூன்று இரவு என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் முழுவதையும் மிக்கோனோஸிலேயே கழிப்பதைவிட இதுதான் நிறைவாக இருக்கும் என்பது என் அனுபவம்.

எந்த மாதம் போவது நல்லது?

ஜூன் இரண்டாம் வாரத்திலிருந்து ஜூலை முதல் வாரம் வரை, அல்லது செப்டம்பர் முதல் மூன்று வாரம். யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

காரணம் மெல்தெமி. ஜூலை, ஆகஸ்டில் ஏஜியன் கடல் முழுவதும் வடக்கிலிருந்து வீசும் காற்றுக்கு அந்தப் பெயர். வானம் துடைத்துவிட்டாற்போல் நீலமாக இருக்கும், ஒரு பொட்டு மேகம் இருக்காது, ஆனால் காற்று மட்டும் மூன்று நாள், ஐந்து நாள் என்று விடாமல் அடிக்கும். காற்றின் வேகத்தை அளக்கும் பியூஃபோர்ட் அளவில் 5 முதல் 7 வரை போவது சாதாரணம். 6 பியூஃபோர்ட் என்றால் மணிக்கு ஏறக்குறைய 40 முதல் 50 கிலோமீட்டர். கடற்கரையில் மணல் சதையில் ஊசி போலக் குத்தும். மேசையில் வைத்த தட்டு நகரும்.

நம் ஊரில் ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்போமே, கிட்டத்தட்ட அதே நாட்கள். இது வெறும் தற்செயல் அல்ல. கோடையில் இந்தியத் துணைக்கண்டத்தின் மேல் பெரிய வெப்பத் தாழ்வழுத்தம் உருவாகிறது. தென்மேற்குப் பருவக்காற்றை இழுத்து வருவது அதுதான். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கோவைப் பக்கம் புழுதியைக் கிளப்புவதும் அந்தக் காற்றே. அந்தத் தாழ்வழுத்தத்தின் மேற்கு வால் ஈரான் வழியாகத் துருக்கி வரை நீள்கிறது. மறுபக்கம் பால்கன் நாடுகளின் மேல் உயரழுத்தம். இரண்டுக்கும் நடுவில் சிக்கிய ஏஜியன் கடலில் காற்று வடக்கிலிருந்து தெற்கே பாய்கிறது. உடுமலையில் பிறந்து வளர்ந்த எனக்கு இதைத் தெரிந்துகொண்டபோது ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது. இரண்டு ஊரையும் ஆட்டி வைக்கும் சூத்திரக் கயிறு ஒன்றுதான்.

தீவின் அடையாளமாகப் படங்களில் வரும் காற்றாலைகளும் இந்தக் காற்றை நம்பித்தான் நின்றன. வெனிஸ் ஆட்சிக் காலத்தில், 16ஆம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அவற்றில் கோதுமையும் பார்லியும் அரைத்தார்கள். கடலைப் பார்த்து வரிசையாக நிற்கும் அந்த வெள்ளை ஆலைகளின் பக்கத்தில் ஜூலை மாலையில் பத்து நிமிடம் நின்றால் போதும், ஏன் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று உடம்பே சொல்லும்.

மெல்தெமியால் ஒரு நன்மையும் உண்டு. ஏதென்ஸ் 38, 40 டிகிரியில் வேகும்போது மிக்கோனோஸ் 28, 29இல் இருக்கும். வெயில் சுடுவதே தெரியாது. அதனால்தான் இங்கே பலருக்கும் தோல் கருகிப் போகிறது. சன்ஸ்கிரீன், தொப்பி, தொப்பிக்குக் கட்டும் நாடா மூன்றும் வேண்டும்.

எங்களுக்குப் பள்ளி விடுமுறை மே மாதம்தான். அப்போது போனால் வீணா?

வீணில்லை, ஆனால் எதிர்பார்ப்பை மாற்றிக்கொள்ள வேண்டும். மே மாதக் கடல் 18, 19 டிகிரிதான். நம் கடலில் நின்று பழகிய உடம்புக்கு அது ஐஸ் தண்ணீர். இரவு விடுதிகளும் கடற்கரை விடுதிகளும் மே கடைசியில்தான் முழு வேகத்துக்கு வரும். மாறாக, தரையெங்கும் காட்டுப்பூ இருக்கும், அறை வாடகை பாதியாக இருக்கும், சந்துகளில் நடக்க இடம் இருக்கும். குளிப்பதைவிட ஊர் பார்ப்பது முக்கியம் என்ற குடும்பத்துக்கு மே நல்ல மாதம்.

2027இல் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டர் மே 2 அன்று வருகிறது. அந்த வாரம் கிரேக்கர்களே தீவுகளுக்குக் கிளம்புவார்கள். கப்பல் சீட்டை முன்பே எடுத்துவிடுங்கள். சனிக்கிழமை நள்ளிரவில் எல்லார் கையிலும் மெழுகுவர்த்தியோடு தேவாலயத்தின் முன் நிற்கும் காட்சிக்காகவே போகலாம்.

ஆகஸ்ட் 15 வாக்கில் விடுப்பு கிடைக்கிறது. பரவாயில்லையா?

அந்த வாரம் ஆண்டிலேயே கூட்டமும் விலையும் உச்சத்தில் இருக்கும் வாரம். ஆகஸ்ட் 15 மாதாவின் விண்ணேற்புத் திருநாள். கிரேக்கத்தில் பொது விடுமுறை. பக்கத்துத் தீவான தினோஸில் 1823இல் கண்டெடுக்கப்பட்ட மாதா திருவுருவத்தை வணங்க நாடெங்கிலிருந்தும் மக்கள் வருவார்கள். துறைமுகத்திலிருந்து மேட்டிலிருக்கும் கோயில் வரை முழங்காலிலேயே ஊர்ந்து போகிறவர்களைப் பார்க்கலாம். வேளாங்கண்ணியில் மணலில் முழங்காலிட்டுப் போகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு அந்த முகங்கள் அந்நியமாகத் தெரியாது. 1940இல் இதே நாளில் தினோஸ் துறைமுகத்தில் நின்ற எல்லி என்ற கிரேக்கப் போர்க்கப்பலை இத்தாலிய நீர்மூழ்கி தாக்கி மூழ்கடித்தது. அதையும் அன்று நினைவுகூர்கிறார்கள்.

இதைப் பார்ப்பதற்காக என்றால் அவசியம் வாருங்கள்; ஆனால் ஐந்தாறு மாதம் முன்பே அறையும் கப்பலும் பதிவு செய்துவிடுங்கள். கடற்கரையும் ஆட்டமும் மட்டும் நோக்கம் என்றால் இந்த வாரத்தைத் தவிருங்கள்.

விசாவுக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும்?

இந்திய, இலங்கை கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசிக் கெடு 15 நாள் முன்பு. கெடுவை நம்பாதீர்கள். ஏப்ரல், மே மாதங்களில் நேர்காணல் தேதி கிடைப்பதே கடினம். ஜூன் பயணம் என்றால் பிப்ரவரியிலேயே தேதி பிடியுங்கள். 2024 ஜூன் முதல் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுக் குழந்தைகளுக்கு 45 யூரோ, அதற்குக் கீழே இலவசம். விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும்.

ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறீர்கள் என்றால் அதிக நாள் தங்கும் நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். மலேசிய, சிங்கப்பூர், பிரிட்டன், கனடா கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்குக் குறுகிய பயணத்துக்கு விசா தேவையில்லை.

ஏதென்ஸிலிருந்து விமானமா, கப்பலா?

சென்னையிலிருந்து துபாய் அல்லது தோஹா வழியாக ஏதென்ஸ் போய்ச் சேரலாம். அங்கிருந்து விமானம் என்றால் நாற்பது நிமிடம். கப்பல் என்றால் இரண்டு துறைமுகங்கள்: பிரேயஸ், ரஃபீனா. பெரும்பாலோர் பிரேயஸ் பெயரை மட்டும் கேள்விப்பட்டு அங்கே போகிறார்கள். ஆனால் ரஃபீனா விமான நிலையத்துக்கு அருகில் இருக்கிறது, அங்கே போகப் பேருந்தும் உண்டு, கடல் வழியும் குறைவு. விமானத்திலிருந்து இறங்கி நேராகத் தீவுக்குப் போகிறவர்களுக்கு ரஃபீனாவே சரி. ஏதென்ஸ் நகருக்குள் தங்கிவிட்டுப் போகிறவர்களுக்கு மெட்ரோ போய்ச் சேரும் பிரேயஸ் வசதி.

கப்பலிலும் இரண்டு வகை. கார், லாரி எல்லாம் ஏற்றிச் செல்லும் பெரிய கப்பல் பிரேயஸிலிருந்து ஐந்து மணி நேரம் அல்லது சற்றுக் கூடுதலாக எடுக்கும். வேகக் கப்பல் மூன்று மணி நேரத்தில் கொண்டுபோய்விடும், கட்டணம் நன்றாகவே அதிகம். காற்றுள்ள நாளில் வேகக் கப்பல் குதிக்கும். உள்ளே கண்ணாடி மூடிய அறையில் உட்கார்ந்திருப்போம், வெளியே வர முடியாது, பக்கத்து இருக்கைக்காரர் காகிதப்பையை எடுத்தவுடன் நமக்கும் வயிறு பிரட்டும். பெரிய கப்பலில் மேல்தளத்தில் நின்று காற்று வாங்கலாம், சிரோஸ், தினோஸ் என்று ஒவ்வொரு துறையாக ஆள் இறங்கி ஏறுவதைப் பார்க்கலாம். நேரம் இருந்தால் பெரிய கப்பலையே எடுங்கள்.

காற்று அதிகமானால் கப்பல் ரத்தாகுமாமே?

ஆகும். ஜூலை, ஆகஸ்டில் அதை அபூர்வம் என்று நினைக்காதீர்கள். 8 பியூஃபோர்ட்டை எட்டினால் துறைமுகக் காவலர்கள் பொதுவாகக் கப்பல்களைப் புறப்பட விடுவதில்லை. வேகக் கப்பல்களுக்குத் தடை அதற்கு முன்பே வந்துவிடும். அந்தத் தடையை அபகோரெஃப்திகோ என்கிறார்கள். துறைமுகத்தில் அந்தச் சொல் காதில் விழுந்தால் பையைத் தூக்கிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான்.

முதல் பயணத்தில் எங்கள் வேகக் கப்பல் மதியம் 2 மணிக்கு. ஏதென்ஸ் விமானம் இரவு 10 மணிக்கு. எட்டு மணி நேர இடைவெளி போதும் என்று நம்பினோம். காலையில் குறுஞ்செய்தி வந்தது, கப்பல் இல்லை என்று. விமானம் போனது, நான்கு பேருக்குப் புதுச் சீட்டு, ஓர் இரவு அறை, ஒருவனுக்குச் சம்பள வெட்டு. இந்த ஒரு நாளின் வலியால்தான் இந்தப் பதிலை இத்தனை அழுத்தமாக எழுதுகிறேன்: தீவிலிருந்து கப்பலில் திரும்பும் நாளும் ஊருக்கு விமானம் ஏறும் நாளும் ஒன்றாக இருக்கவே கூடாது.

ரத்தானால் உங்களுக்கு உரிமை உண்டு. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, வானிலையே காரணமானாலும், வேறு கப்பலில் போவதா, முழுப் பணத்தைத் திரும்பப் பெறுவதா என்று பயணிதான் தேர்வு செய்யலாம். ஆனால் தவறிய விமானத்தின் பணத்தை அந்த விதி தராது.

தங்குவதற்கு ஹோராவா, கடற்கரையா?

ஹோரா என்பது தீவின் தலைநகரம். மாவரைத்துப் பூசியது போன்ற வெள்ளைச் சுவர்கள், நீலமும் சிவப்புமான மரச்சன்னல்கள், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் தோள் உரசும் சந்துகள். காற்றை உடைக்கவும் கடற்கொள்ளையரைக் குழப்பவும் சந்துகளை இப்படி வளைத்தார்கள் என்பார்கள். முதல் இரவில் நீங்களும் குழம்புவீர்கள், அதில் தப்பில்லை. உள்ளே வண்டி போகாது. பெட்டியைக் கல் பாவிய தரையில் இழுத்துக்கொண்டு போக வேண்டும்.

இரவு ஆட்டத்துக்காக வருகிறவர்கள் ஹோராவில் தங்கினால் திரும்பி வர வண்டி தேட வேண்டாம். ஆனால் தூக்கம் எதிர்பார்க்காதீர்கள். கிரேக்கத்தில் கோடையில் மதியம் 3 முதல் 5:30 வரையும், இரவு 11 முதல் காலை 7 வரையும் அமைதி நேரம் என்று சட்டமே உண்டு; குடியிருப்புப் பகுதிகளில் அதை மதிக்கிறார்கள். மதுக்கடைக்கு மேல் மாடியில் அறை எடுத்தவருக்கு அந்தச் சட்டம் தூக்கத்தைத் தராது.

குடும்பத்தோடு என்றால் ஓர்னோஸ் அல்லது பிளாட்டிஸ் யாலோஸ். இரண்டும் தெற்குக் கரையில், காற்றுக்கு மறைவாக, ஆழம் குறைந்த கடலோடு இருப்பவை. நகரத்துக்குப் பேருந்து உண்டு.

வாடகைக்கு மேல் ஒரு வரி இருக்கிறது. 2025 முதல் கோடை மாதங்களில் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு, ஐந்து நட்சத்திர விடுதியில் 15 யூரோ, நான்கு நட்சத்திரத்தில் 10, மூன்றில் 5, அதற்குக் கீழே 2. குறுகிய கால வாடகை வீட்டுக்கு 8 யூரோ. இது பெரும்பாலும் இணையத்தில் காட்டும் விலையில் சேராது. அறைக்குப் போனதும் கேட்பார்கள். ஏமாற்று என்று சண்டை போடாதீர்கள், அரசின் வரிதான்.

தீவுக்குள் எப்படிச் சுற்றுவது?

பேருந்து. டாக்சி மிகக் குறைவு. ஹோராவில் இரண்டு பேருந்து நிலையங்கள்: தெற்குக் கடற்கரைகளுக்கு ஃபாப்ரிகா; எலியா கடற்கரை, அனோ மேரா கிராமம் பக்கம் போகப் பழைய துறைமுகத்தருகே உள்ளது. பாரடைஸ் கடற்கரைக்கு உச்சக் காலத்தில் நள்ளிரவு தாண்டியும் பேருந்து ஓடும். பிளாட்டிஸ் யாலோஸிலிருந்து பாரடைஸ், சூப்பர் பாரடைஸ், எலியா என்று கரையோரமாகவே போகும் சிறு படகுகளும் உண்டு. வெளியூர்க் கப்பல்கள் பெரும்பாலும் தூர்லோஸ் என்ற புதுத் துறைமுகத்துக்கு வரும். அங்கிருந்து ஊருக்குள் வர சிறு படகுச் சேவை இருக்கிறது. டாக்சி வரிசையில் நிற்பதைவிட அதுவே இனிமை.

நான்கு சக்கர மோட்டார் பைக்கைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். கிரேக்கர்கள் அதை குரூனா, அதாவது பன்றி என்று அழைக்கிறார்கள். வாடகைக்கு எங்கும் கிடைக்கும், படத்துக்கு அழகாக இருக்கும். எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. சாலை குறுகல், ஓரத்தில் தடுப்பு இல்லை, திருப்பத்தில் மணல், பக்கவாட்டில் காற்று. பல பயணக் காப்பீடுகள் இந்த வண்டியில் நடக்கும் விபத்துக்குப் பணம் தருவதில்லை. உங்கள் ஆவணத்தைப் படித்துப் பாருங்கள். கார் எடுப்பதென்றால் இந்திய உரிமத்தோடு ஆர்டிஓ அலுவலகத்தில் வாங்கிய சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்க வேண்டும்.

எந்தக் கடற்கரைக்குப் போவது?

காலையில் காற்று எந்தப் பக்கம் என்று பாருங்கள். வடக்குக் காற்று என்றால் தெற்குக் கரை: ஓர்னோஸ், பிளாட்டிஸ் யாலோஸ், பரகா, எலியா. காற்றில்லாத நாள் கிடைத்தால் அதை ஒருபோதும் வீணாக்காமல் வடக்கே போங்கள். பனோர்மோஸ், அதன் பக்கத்தில் ஆயோஸ் சோஸ்திஸ். சோஸ்திஸில் குடையும் இல்லை, பாட்டும் இல்லை. மணலும் தெளிந்த தண்ணீரும் மட்டும். ஃப்தேலியா காற்றுக்கென்றே பிறந்த கரை. அலைமேல் பாய்மரப் பலகை ஓட்டுகிறவர்கள் அங்கே போவார்கள்.

சாய்வு நாற்காலியும் குடையும் சில இடங்களில் இரண்டு பேருக்கு ஒரு நாள் அறை வாடகை அளவுக்குப் போகும். முன்வரிசைக்கு ஒரு விலை, பின்வரிசைக்கு ஒரு விலை. உட்காரும் முன்பே கேளுங்கள். கிரேக்கத்தில் கடற்கரை பொதுச்சொத்து. நாற்காலி போடாத இடத்தில் உங்கள் துண்டை விரித்து உட்கார யாரும் தடுக்க முடியாது. நாற்காலிகள் கரையை விழுங்கிவிட்டன என்று பாரோஸ் தீவு மக்கள் 2023இல் துண்டும் கையுமாகப் போராடினார்கள். அடுத்த ஆண்டு அரசு விதிகளைக் கடுமையாக்கி, மீறலைப் படம் பிடித்துப் புகார் செய்ய மைகோஸ்ட் என்ற செயலியையும் வெளியிட்டது. இன்று நாம் துண்டு விரிக்கும் இடம் அவர்கள் வாங்கித் தந்தது.

இரவு வாழ்க்கை எப்படி? பெண்கள் தனியாகப் போகலாமா?

கடற்கரை விடுதிகளில் மாலை 4, 5 மணிக்குத் தொடங்கும். ஹோராவில் இரவு 11 மணி வரை சாப்பாட்டு நேரம்தான். நள்ளிரவு தாண்டித்தான் ஆட்டம் சூடுபிடிக்கும். ஒன்பது மணிக்கே போய்க் காலியான அறையில் உட்கார்ந்திருக்காதீர்கள், மாலையில் ஒரு தூக்கம் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

தனியாக வரும் பெண்கள் நிறையப் பேரைப் பார்த்தேன். சந்துகளில் விடியும் வரை ஆள் நடமாட்டம் உண்டு. ஒருபால் இணையர்கள் கைகோத்து நடக்க அஞ்சாத இடமாக 1970கள் முதலே இந்தத் தீவுக்குப் பெயர். அவர்களின் திருமணத்தைக் கிரேக்கம் 2024இல் சட்டமாக்கியது. நம் ஊரில் மறைந்து வாழ வேண்டியிருக்கும் நண்பர்களுக்கு நான் மனதாரப் பரிந்துரைக்கும் இடம் இது.

எச்சரிக்கை ஒன்று: மலிவான கலப்பட மதுவை அங்கே பொம்பா, அதாவது குண்டு என்கிறார்கள். விலை நம்ப முடியாமல் குறைவாக இருந்தால் பீர் அல்லது கண்முன் திறக்கும் புட்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கோப்பையைக் கண் பார்வையில் வையுங்கள். அவசர எண் 112.

டெலோஸ் அவசியம் பார்க்க வேண்டுமா? வெயிலில் இடிபாடு பார்க்க ஆர்வமில்லை.

தயவுசெய்து பாருங்கள். தீவின் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டாலும் இதை விடாதீர்கள்.

டெலோஸ், ஹோராவின் பழைய துறைமுகத்திலிருந்து படகில் அரைமணித் தொலைவில் உள்ள தீவு. படகுக் கட்டணம் தனி, நுழைவுச் சீட்டு தனி. அந்தச் சிறு தீவில்தான் தங்கள் கடவுளரான அப்போலோவும் ஆர்ட்டெமிஸும் பிறந்ததாகக் கிரேக்கர்கள் நம்பினார்கள். அதனால் அங்கே மனிதர் யாரும் பிறக்கவும் கூடாது, இறக்கவும் கூடாது என்றானது. கி.மு. 426இல் ஏதென்ஸ்காரர்கள் தீவிலிருந்த கல்லறைகளைத் தோண்டி எலும்புகளையும் உடன் புதைத்த பொருள்களையும் எதிரேயுள்ள ரினியா தீவுக்கு மாற்றினார்கள். பிரசவம் நெருங்கியவர்களையும் சாகக் கிடந்தவர்களையும் படகில் ஏற்றி அங்கேதான் அனுப்பினார்கள். ரினியாவில் அந்தப் பொருள்களைப் போட்டு மூடிய குழியிலிருந்து எடுத்த பானைகளை இன்று ஹோராவின் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் காணலாம். ட்ரோஜன் குதிரையைச் செதுக்கிய கி.மு. 7ஆம் நூற்றாண்டுத் தாழி ஒன்றும் அங்கே இருக்கிறது. மிக்கோனோஸிலேயே 1961இல் கிடைத்தது. குதிரையின் வயிற்றில் சிறு சன்னல்கள், ஒவ்வொன்றிலும் ஒரு வீரனின் தலை. என் மகள் அதன் முன்னிருந்து நகர மறுத்தாள்.

டெலோஸ் அயோனியக் கிரேக்கர்களின் புனிதத் தலம். அந்த அயோனியர் என்ற பெயர்தான் பாரசீகத்தில் யவுன ஆகி, வடமொழியில் யவன ஆகி, சங்கப் பாடல்களில் யவனர் என்று வந்து நிற்கிறது. முசிறியில் பொன்னோடு வந்து மிளகோடு போனவர்களை நம் முன்னோர் அழைத்த சொல்லின் வேர், இந்தக் கடலில் இருக்கிறது.

பிற்காலத்தில் ரோமானியர்கள் இதை வரியில்லாத் துறைமுகமாக்கினார்கள். ஒரே நாளில் பத்தாயிரம் அடிமைகள் வந்து இறங்கி விற்றுப் போகும் சந்தை என்று பண்டைய கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். சிங்கங்களின் வரிசையையும், சிறுத்தை மேல் அமர்ந்த மதுக்கடவுள் டயோனிசஸின் மொசைக் தரையையும் பார்த்து வியக்கும்போது இதையும் மனதில் வையுங்கள். அந்த வீடுகளின் பளிங்குக்கு வந்த பணத்தில் அதுவும் உண்டு. கி.மு. 88இலும் 69இலும் நடந்த தாக்குதல்களில் நகரம் அழிந்தது. இன்று இரவு தங்க அனுமதியில்லை. 1990 முதல் யுனெஸ்கோ பட்டியலில் உள்ளது.

நிழல் இல்லை. காலை முதல் படகில் போங்கள், ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் வேண்டும். 112 மீட்டர் உயரக் கிந்தோஸ் குன்றின் உச்சிக்கு ஏறினால் சுற்றியுள்ள தீவுகள் வட்டமாகத் தெரியும். சைக்ளாடீஸ் என்ற பெயருக்கே வட்டம் என்றுதான் பொருள், டெலோஸைச் சுற்றி நிற்பதால். இன்னொன்று: இந்தப் படகும் காற்றுக்குக் கட்டுப்பட்டது. கடைசி நாளுக்குத் தள்ளாமல், வந்த மறுநாளே போய்விடுங்கள்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

தாராளமாக. எண்ணெயில் காய்கறி வேகவைக்கும் லதேரா என்ற சமையல் வகையே இருக்கிறது. அரிசி அடைத்த தக்காளி, குடைமிளகாய் கெமிஸ்தா. கத்தரி, உருளை, சுரை சேர்ந்த பிரியாம். பெரிய வெள்ளை மொச்சை யிகாந்தெஸ். பருப்புக் கடைசல் போலவே இருக்கும் ஃபாவா. ஃபாவாவில் பச்சை வெங்காயமும் எலுமிச்சையும் பிழிந்து தருவார்கள்; அம்மா அதை மூன்று நாளும் சாப்பிட்டார். தீவின் சொந்தப் பொருள் கொபனிஸ்தி என்ற காரப் பாலாடைக்கட்டி. காய்ந்த ரொட்டி மேல் அதையும் தக்காளியையும் வைத்துத் தருவதற்கு மோஸ்த்ரா என்று பெயர். லூசா என்று பட்டியலில் கண்டால் அது பன்றி இறைச்சி.

கற்றுக்கொள்ள வேண்டிய சொல் நிஸ்தீசிமோ. விரதச் சாப்பாடு என்று பொருள். இறைச்சி, முட்டை, பால் எதுவும் இருக்காது. ஆனால் அவர்கள் விரதத்தில் இறால், கணவாய் போன்றவை அனுமதி. அதையும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆகஸ்ட் 1 முதல் 14 வரை மாதா விரதம், அப்போது இந்த உணவு எளிதில் கிடைக்கும்.

பில்லில் ஏமாறாமல் இருப்பது எப்படி?

விலைப்பட்டியல் இல்லாமல் எதையும் கேட்காதீர்கள். மீன் கிலோ விலையில் இருக்கும். எடை போட்டுத் தொகையைச் சொன்ன பிறகு சமைக்கச் சொல்லுங்கள். ரசீது தராவிட்டால் பணம் தர வேண்டியதில்லை என்று சட்டம், கடைகளிலேயே எழுதி ஒட்டியிருப்பார்கள். பிரச்சினை என்றால் நுகர்வோர் எண் 1520. எண்ணை உரக்கச் சொன்னதுமே ஒரு முறை எங்கள் பில் திருத்தப்பட்டது.

வயதான பெற்றோரை அழைத்துப் போகலாமா?

அம்மாவுக்கு அப்போது 68 வயது, முழங்கால் வலி. ஹோராவில் படிகளும் வழுக்கும் கற்களும் உண்டு. ரப்பர் அடிப்பாகம் உள்ள செருப்பு வேண்டும். காலை 8 மணிக்குச் சந்துகள் காலி. சுற்றுலாக் கப்பல்களிலிருந்து கூட்டம் இறங்கும் முன், பராபோர்த்தியானி தேவாலயத்தின் முன் உள்ள திண்ணையில் அம்மாவும் நானும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். ஐந்து சிறு கோயில்கள், நான்கு கீழேயும் ஒன்று அவற்றின் மேலேயுமாக ஒட்டி, ஒரே வெள்ளை உருண்டையாய் நிற்கும் கட்டடம் அது. குழந்தை பிடித்து வைத்த மாவுப் பிள்ளையார் போல இருக்கிறது என்றார். அதைவிடப் பொருத்தமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அனோ மேராவும் அவர்களுக்கு ஏற்றது. நடுவில் சதுக்கம், மர நிழல், 1542இல் தொடங்கிய தூர்லியானி மடாலயம். மாலையில் உள்ளூர்க் குடும்பங்கள் சாப்பிட வரும்.

குழாய்த் தண்ணீர் குடிக்கலாமா?

வேண்டாம். பெரும்பாலும் கடல்நீரைச் சுத்திகரித்தது. பல் துலக்கலாம், குளிக்கலாம். குடிக்கப் புட்டிநீர். கழிவறைக் காகிதத்தைக் குழிக்குள் போடாமல் பக்கத்துக் கூடையில் போட வேண்டும், குழாய்கள் குறுகலானவை.

மொத்தம் எத்தனை நாள் வைத்துக்கொள்வது?

தீவில் நான்கு இரவு. முதல் நாள் ஊர், இரண்டாம் நாள் டெலோஸ், மூன்றாம் நாள் தெற்குக் கரையும் இரவு ஆட்டமும், நான்காம் நாளைக் காற்றுக்கு விட்டுவிடுங்கள். அது அடங்கினால் வடக்கே, அடித்தால் ஹோராவின் கடலோர லிட்டில் வெனிஸ் பகுதியில் அலை தெறிக்கும் மேசையில். பிறகு ஏதென்ஸில் கட்டாயம் ஓர் இரவு, விமானத்துக்கு முந்தைய இரவு. கப்பல் நேரத்துக்கு வந்துவிட்டால் அந்த மாலையில் அக்ரோபொலிஸுக்கு ஏறலாம். வராவிட்டாலும் மறுநாள் விமானம் உங்களுக்காகக் காத்திருக்கும்.